குழலும் கடிதமும்: பொட்ஸ்டாம் மாலைகளில் வாசிக்கப்படாதவை

ஐரோப்பிய நகரங்களில், குறிப்பாக ஜேர்மனியில், நெடுங்காலமாக நடந்துவரும் ஒருவகை மாலை நிகழ்ச்சி உண்டு. மேடையில் மரப் புல்லாங்குழலுடன் ஒரு கலைஞர். பக்கத்தில் ஹார்ப்சிகோர்ட், சிலவேளை ஒரு செலோ. மறுபக்கம் சிறிய மேசை, விளக்கு, நாற்காலி. அந்த நாற்காலியில் ஒரு நடிகரோ குரல்வளம் மிக்க வாசிப்பாளரோ இருப்பார். பரோக் காலச் சொனாட்டா ஒன்றின் ஒரு பகுதி இசைக்கப்படும். பிறகு ஒரு கடிதம் வாசிக்கப்படும். மீண்டும் குழல், மீண்டும் வாசிப்பு. ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். வந்தவர்கள் நல்ல மனநிலையோடு வீட்டுக்குப் போவார்கள்.

இந்த வடிவத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அமைந்த ஒரு விடயம் இருக்கிறது. அதனால்தான் அது திரும்பத் திரும்ப மேடையேறுகிறது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் ஒரு புல்லாங்குழல் கலைஞர். 121 குழல் சொனாட்டாக்கள் அவர் பெயரில் உள்ளன. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேயர் அவருடைய நண்பர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள், இடையில் பகைத்துக்கொண்ட காலங்கள் நீங்கலாக. மன்னரின் குழலாசிரியர் குவாண்ட்ஸ். ஹார்ப்சிகோர்ட் வாசித்தவர் பெரிய பாஹின் மகன் கார்ல் பிலிப் எமானுவேல் பாஹ். இசைக்கு இசை, இலக்கியத்துக்கு இலக்கியம். நிகழ்ச்சி தயாரிப்பவர் தேடி அலையத் தேவையே இல்லை.

இக்கட்டுரை ஏதோ ஒரு மாலையின் மதிப்புரை அல்ல. இந்த வடிவத்தைப் பற்றியது. இதில் எது இசைக்கப்படுகிறது, எது வாசிக்கப்படுகிறது, எது மெல்ல ஓரங்கட்டப்படுகிறது என்று பார்ப்பதே நோக்கம். ஜேர்மன் மன்னரின் குழலோடு முஸ்லிம் வாசகருக்கு என்ன சோலி என்று ஒருவர் கேட்கலாம். சோலி இருக்கிறது. வாசிக்கப்படாமல் விடுபடும் கடிதங்களில் ஒன்று எம்மோடு சம்பந்தப்பட்டது. அதற்குப் பின்னால் வருவோம்.

தடுக்கப்பட்ட இரண்டு

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். குழலையும் நூலையும் ஒரே மேடையில் வைப்பது இந்த விடயத்தில் வெறும் அலங்காரம் அல்ல. அவை இரண்டும் அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே சேர்ந்திருந்தவை, அதுவும் தடைகளாகச் சேர்ந்திருந்தவை.

பிரெடெரிக் பிறந்தது 1712இல். தந்தை முதலாம் பிரெடெரிக் வில்லியம் படையையும் கஜானாவையும் மட்டும் நம்பிய மன்னர். மகன் குழல் ஊதுவதும் பிரெஞ்சு நூல்கள் படிப்பதும் அவர் கண்ணில் ஆண்மைக்கு ஒவ்வாத பழக்கங்கள். 1728 முதல் குவாண்ட்ஸ் ட்ரெஸ்டனிலிருந்து இடைக்கிடை வந்து இளவரசருக்குப் பாடம் சொன்னார். அதைத் தந்தை அறியாமல் செய்யவேண்டியிருந்தது. 1730இல் இளவரசர் தப்பியோட முயன்று பிடிபட்டார். உடந்தையாக இருந்த நண்பர் காட்டே அவ்வாண்டு நவம்பரில் கியூஸ்ட்ரின் கோட்டையில் தலை வெட்டப்பட்டார். இளவரசர் அதே கோட்டையில் கைதியாக இருந்தார். அதைக் காணும்படி சன்னலுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் இரகசியமாகச் சேர்த்து வைத்திருந்த நூலகமும் விற்கப்பட்டது.

ஆகவே அந்த இளைஞனுக்குக் குழலும் புத்தகமும் பொழுதுபோக்குகள் அல்ல. இரண்டும் கள்ளமாகக் காத்துவைத்த உயிர்கள். 1736 ஓகஸ்டில் வோல்டேயருக்கு அவர் எழுதிய முதற்கடிதத்தை இந்தப் பின்னணியில் வைத்துக் கேட்டால், அதிலுள்ள பணிவும் தாகமும் வேறுவிதமாக விளங்கும். நல்ல நிகழ்ச்சிகள் இதிலிருந்தே தொடங்குகின்றன. அது சரியான தொடக்கம்.

நாக்கு சொல்லும் அசை

இரண்டாவது நியாயம் இசைக்குள்ளேயே இருக்கிறது. பரோக் காலத்தவர் இசையை ஒருவகைப் பேச்சாகவே எண்ணினார்கள். குவாண்ட்ஸ் 1752இல் பேர்லினில் வெளியிட்ட குழல் நூலில் பதினெட்டு அத்தியாயங்கள். குழல் பற்றிய நூல் என்று பெயரே தவிர, பெரும்பகுதி இசையைப் பொதுவாக எப்படி வழங்குவது என்பதைப் பற்றியது. பதினோராம் அத்தியாயத்தில் அவர் இசைஞனைச் சொற்பொழிவாளனோடு ஒப்பிடுகிறார். கேட்போரின் மனத்தை வசப்படுத்துவது, உணர்ச்சிகளை எழுப்புவதும் அடக்குவதும் இருவருக்கும் பொதுவான வேலை என்பது அவர் கருத்து.

இது வெறும் உவமையோடு நிற்பதில்லை. குழல் வாசிப்பவரின் நாக்கு எந்த அசையைச் சொல்லவேண்டும் என்றுகூட அவர் கற்பிக்கிறார். துண்டாக, துடிப்பாக வரவேண்டிய சுரத்துக்கு ‘ட்டி’. நீண்டு மென்மையாக வரவேண்டியதற்கு ‘டி’. நடுத்தர வேகத்தில் இரண்டிரண்டாக வரும் சுரங்களுக்கு ‘ட்டிரி’. மிக வேகமான ஓட்டங்களுக்கு ‘டிடல்’. எழுத்தில் ஒரே அளவாகத் தெரியும் சிறு சுரங்களை ஒன்றை நீட்டி ஒன்றைக் குறுக்கி வாசிக்கவேண்டிய இடங்களையும் சொல்லுகிறார். நேரசை, நிரையசை என்று வாய்விட்டுச் சொல்லி யாப்புப் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. குறிலும் நெடிலும் ஏட்டில் ஒன்றாகவும் வாயில் ஒன்றாகவும் நிற்கும் கதை எமக்குத் தெரிந்ததுதான்.

இன்றைய வெள்ளிக் குழலில் இந்த அசைகள் அவ்வளவு துலக்கமாகக் கேட்பதில்லை. அந்தக் காலத்துக் குழல் மரத்தாலோ தந்தத்தாலோ ஆனது. பெரும்பாலும் ஒரே ஒரு விசைதான் இருக்கும். குவாண்ட்ஸ் மன்னருக்குச் செய்துகொடுத்த குழல்களில் இரண்டு. சுருதி இன்றையதைவிடத் தாழ்ந்தது, ஒலி சின்னது. பெரிய மண்டபத்தை நிரப்பும் வல்லமை அதற்கு இல்லை. ஓர் அறையில் பத்திருபது பேர் நடுவே ஒருவர் கதைப்பதுபோலத்தான் அது ஒலிக்கும். கடிதம் வாசிக்கும் குரலுக்குப் பக்கத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது. ஒன்று சொல்லின்றிப் பேசுகிறது, மற்றது சொல்லோடு பேசுகிறது. இரண்டும் ஒரே மூச்சில் பிறப்பவை.

குரலுக்கடியில் இசை

இங்கேதான் முதலாவது பிழை நுழைகிறது. பல நிகழ்ச்சிகளில் கடிதம் வாசிக்கப்படும்போதே பின்னால் இசையும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். சினிமாவிலிருந்தும் வானொலியிலிருந்தும் வந்த பழக்கம் என்றுதான் சொல்லவேண்டும். சோகமான வரி வந்தால் மெதுவான அடாஜியோ, பகிடியான வரி வந்தால் துள்ளும் அலெக்ரோ. கேட்பவருக்கு இன்ன இடத்தில் இன்னது உணர வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டுவதுபோல.

இதனால் இரண்டுமே கெடுகின்றன. குழலின் ‘ட்டி’யும் ‘டி’யும் மனிதக் குரலின் மெய்யெழுத்துகளுக்குள் புதைந்துபோகின்றன. வோல்டேயரின் வசனமோ ஒரே வாக்கியத்தில் புகழ்ந்து, அதே வாக்கியத்தின் வாலில் குத்துகிற வசனம். அடியில் இனிமை ஓடும்போது புகழ்ச்சி மட்டும் காதில் விழுகிறது, குத்து விழுவதில்லை. இசை பின்னணியாகிவிட்டால் இலக்கியமும் பின்னணியாகிவிடும்.

இதற்கு மாற்று அந்த அரசவையோடு தொடர்புடைய ஒருவரிடமே கிடைக்கிறது. பிரெடெரிக்கின் வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவர் பிரான்ஸ் பெண்டா. அவருடைய தம்பி கியோர்க் பெண்டாவும் இளமையில் சில ஆண்டுகள் அங்கே வாசித்தவர். பின்னர் கோத்தா அரசவைக்குப் போய், 1775இல் ‘நக்சோஸ் தீவில் அரியாட்னே’ என்ற ஆற்றுகையை அவர் அமைத்தார். பாடலே கிடையாது. நடிகை பேசுவாள், பேச்சு நிற்கும் இடத்தில் வாத்தியங்கள் பதில் சொல்லும், பிறகு அவள் தொடர்வாள். சில இடங்களில் பேச்சும் இசையும் ஒன்றின்மேல் ஒன்று வருவதும் உண்டு. ஆனால் அடிப்படை மாறிமாறி வருவதுதான். மொஸார்ட்டே இந்த முறையில் மனம் பறிகொடுத்தவர்.

மாறிமாறி வருவதிலுள்ள நன்மை மௌனம். கடிதம் முடிந்து குழல் தொடங்குமுன் இரண்டு மூன்று விநாடி இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில்தான் கேட்பவர் தானாக ஒரு முடிவுக்கு வருகிறார். ஒரு நிகழ்ச்சியின் தரத்தை அறிய எனக்கு இந்த அளவுகோல் போதும்: அது கேட்பவருக்கு அந்த விநாடிகளைக் கொடுக்கிறதா, பறிக்கிறதா?

படத்திலுள்ள மாலை

இந்த நிகழ்ச்சிகளின் விளம்பரங்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் அடிக்கடி காணும் ஓர் ஓவியம் உண்டு. சான்சூசி மாளிகையில் மெழுகுதிரிகளின் ஒளி. நடுவில் நின்று மன்னர் குழல் ஊதுகிறார். பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். வலப்பக்க ஓரத்தில் குவாண்ட்ஸ் நிற்கிறார். அடோல்ப் மென்ஸெல் வரைந்த அந்த ஓவியம் பேர்லினிலுள்ள பழைய தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. வரையப்பட்ட காலம் 1850 முதல் 1852 வரை. அதாவது அதில் காட்டப்படும் மாலைக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. அது நேரில் கண்ட சாட்சியம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்யா தன் பழைய மன்னரை எப்படி நினைக்க விரும்பியது என்பதன் சாட்சியம். இன்றைய குழல் மாலைகள் பல, 1747ஐ இசைப்பதாகச் சொல்லிக்கொண்டு உண்மையில் இந்த 1852ஐத்தான் இசைக்கின்றன.

ஓவியத்துக்கு வெளியே நின்றவற்றைப் பாருங்கள். 1740இல், இளவரசராக இருந்தபோது எழுதிய ‘மாக்கியவெல்லிக்கு மறுப்பு’ என்ற நூலை, வோல்டேயர் திருத்தி ஹேக் நகரில் ஆசிரியர் பெயரின்றி வெளியிட்டார். அரசன் நீதிமானாக இருக்கவேண்டும், சூதும் ஆக்கிரமிப்பும் கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் இறந்தார். மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வந்தார். டிசம்பர் 16ஆம் திகதி பிரெடெரிக்கின் படை எல்லை கடந்து சிலேசியாவுக்குள் புகுந்தது. நூலின் மை காய்வதற்குள் நூலாசிரியரே அயல்நாட்டைப் பிடிக்கப் போய்விட்டார். அப்போதும் குழல் கூடவே போனது; போர்முகாம்களிலும் அவர் ஊதினார்.

கூலிக் கணக்கும் ஓவியத்தில் இல்லை. குவாண்ட்ஸுக்கு ஆண்டுச் சம்பளம் 2000 தாலர். செய்துகொடுக்கும் ஒவ்வொரு குழலுக்கும் வேறு பணம். மன்னருக்கென்று ஏறத்தாழ முந்நூறு கொன்செர்ட்டோக்களை அவர் எழுதினார். எமானுவேல் பாஹுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது 300 தாலர். மாலைதோறும் மன்னரின் குழலுக்குப் பின்னால் ஹார்ப்சிகோர்ட்டில் உட்கார்ந்திருந்தவர் அக்காலத்தின் ஆகப் பெரிய படைப்பாளிகளில் ஒருவர். மன்னரின் இரசனை இலேசான, இனிமையான, பழகிய நடையோடு நின்றுவிட்டது. 1768இல் ஹம்பேர்க்குக்கு விடைபெற்றுப் போகும்வரை, மகன் பாஹ் அந்த இரசனைக்கு அடங்கி இருக்கவேண்டியிருந்தது. துணையின்றித் தனிக் குழலுக்கு அவர் எழுதிய ஏ மைனர் சொனாட்டாவைக் கேட்டால், அடங்கியிருந்த ஒருவர் ஆளில்லாத அறையில் வாய்திறந்து பேசுவது போலிருக்கும். நிகழ்ச்சிகளில் அதை இசைக்கிறார்கள்; சம்பளக் கணக்கை வாசிப்பதில்லை. பக்கத்தில் பக்கம் வைத்தால் அந்த இசையின் கசப்பு இன்னும் நன்றாகக் கேட்கும்.

தந்தையின் பதில்

1747 மே 7ஆம் திகதி பொட்ஸ்டாமுக்கு முதிய பாஹ் வந்தார். சந்திப்பு நடந்தது நகர அரண்மனையில். ஓவியத்தின் செல்வாக்கால் பலர் அதைச் சான்சூசியில் நடந்ததாக எண்ணுகிறார்கள். மன்னர் ஒரு சுரவரிசையைக் கொடுத்து, அதன்மேல் ஃபியூக் வாசிக்கச் சொன்னார். பாஹ் மூன்று குரலில் அந்த இடத்திலேயே வாசித்தார். ஆறு குரலில் வேண்டும் என்று மன்னர் கேட்டார். பாஹ் அன்று வேறொரு சுரவரிசையில் அதை வாசித்துவிட்டு, ஊர் திரும்பினார். இரண்டே மாதத்தில் மன்னரின் சுரவரிசையை வைத்து ஒரு முழுத் தொகுப்பையே அச்சிட்டு அனுப்பினார். அதற்கு ‘இசைக் காணிக்கை’ என்று பெயர். அர்ப்பணம் எழுதிய திகதி ஜூலை 7.

அந்தத் தொகுப்பில் குழலுக்குரிய நீண்ட படைப்பு ஒன்று உண்டு: குழல், வயலின், அடித்தந்தி சேரும் ட்ரியோ சொனாட்டா. சி மைனரில் அமைந்தது. ஒரு விசை, இரு விசை மரக் குழலுக்கு அந்தச் சுருதி வசதியானதல்ல. பல சுரங்களைக் குறுக்கு விரல்பிடியால் எடுக்கவேண்டும். ஒலி திரை போட்டதுபோல மங்கும். மன்னரின் கருவிக்கு, மன்னரின் சுரவரிசையில், மன்னருக்கு எளிதில்லாத ஓர் இசை. அதுவும் அவர் விரும்பிய நடையில் அல்ல, தேவாலயப் பழக்கத்திலிருந்து வந்த கனமான பின்னலில். காணிக்கைதான். ஆனால் குனிந்து கொடுத்த காணிக்கை என்று சொல்ல முடியவில்லை.

அத்தொகுப்பிலுள்ள இரு கனன்களுக்குப் பக்கத்தில் இலத்தீனில் இரு வாழ்த்துகள் எழுதப்பட்டுள்ளன. ஒன்று, சுரங்கள் நீள்வதுபோல மன்னரின் நற்பேறும் வளர்க என்கிறது. அந்த இசையோ துயரம் தோய்ந்தது. மற்றது, சுருதி ஏறுவதுபோல மன்னரின் புகழும் ஏறுக என்கிறது. அந்த இசை ஒவ்வொரு முறையும் ஒரு முழுச் சுரம் மேலேறி, ஆறாவது ஏற்றத்தில் தொடங்கிய சுரத்திலேயே வந்து நிற்கிறது, ஒரு ஸ்தாயி உயரத்தில். ஏறி ஏறி எங்கே போனது புகழ்? வாழ்த்தை மட்டும் வாசிப்பவருக்கு அது முகஸ்துதி. இசையையும் சேர்த்துக் கேட்பவருக்கு வேறு ஐயம் எழும். இசையும் எழுத்தும் சேரும்போது இதுதான் நடக்கவேண்டும்: ஒன்று மற்றதைக் கேள்வி கேட்கவேண்டும். எந்த மாலையிலும் இந்த ட்ரியோ சொனாட்டா இடம்பெறுமானால், அங்கே பாதி வேலை முடிந்துவிட்டது எனலாம்.

விடுபட்ட கடிதம்

இனி எமது சோலிக்கு வருவோம். வோல்டேயர் ‘மதவெறி அல்லது முஹம்மது நபி’ என்ற தலைப்பில் ஒரு நாடகம் எழுதினார். 1741இல் லீல் நகரில் மேடையேறியது. 1742 ஓகஸ்டில் பாரிஸில் மூன்று ஆட்டங்களோடு நிறுத்தப்பட்டது. பின்னர் அவர் அதைப் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்டுக்குக் காணிக்கையாக்கினார். வரலாற்றோடு ஒட்டாத ஒரு கொலைச்சதியைக் கட்டி, அதன் நடுவில் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் பெயரை வைத்த நாடகம் அது. அவர் குறிவைத்தது கத்தோலிக்க மதவெறியைத்தான் என்று அறிஞர் பலர் விளக்குகிறார்கள். இருக்கலாம். பாரிஸில் அதை நிறுத்தச் செய்தவர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டுவதற்கு எங்கள் வீட்டுப் பெயரை எடுத்தது ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்த நாடகத்தைப் பற்றி வோல்டேயர் எழுதிய நீண்ட கடிதம், நாடகப் பதிப்புகளில் முன்னுரைபோலவே இடம்பெறுவது, யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? இதே குழலூதும் மன்னருக்கு. அதில் நபிகளாரைப் பற்றி எழுதப்பட்டுள்ளவற்றை இங்கே எடுத்தெழுத மனம் வராது. கவனிக்கவேண்டியது வேறொன்று. மதவெறியின் கொடுமையை விளக்கும் கடிதம், சிலேசியாவைப் பிடித்த ஒருவருக்குப் போகிறது. அந்தப் போர் மதத்தின் பெயரால் நடந்ததல்ல. பகுத்தறிவும் படிப்பும் மிக்க, குழல் ஊதத் தெரிந்த ஒருவர் நிதானமாகக் கணக்குப் போட்டு நடத்தியது. கொடுமைக்கு முகம் கொடுக்கவேண்டி வந்தபோது தொலைதூர அரேபியாவின் முகத்தைக் கொடுத்தார்கள். பக்கத்தில் மெழுகுதிரி ஒளியில் நின்ற முகத்தைக் கொடுக்கவில்லை.

மறுபக்கத்தையும் வைத்துத்தான் பேசவேண்டும், அதுதான் நீதி. 1740 ஜூனில், ஒரு கத்தோலிக்கருக்கு நகரக் குடியுரிமை கொடுக்கலாமா என்று அதிகாரிகள் கேட்ட தாளின் ஓரத்தில் பிரெடெரிக் தன் கைப்பட ஒரு குறிப்பெழுதினார். மனிதர்கள் நேர்மையானவர்களாக இருந்தால் எல்லா மதங்களும் ஒன்றே. துருக்கியர் வந்து நாட்டில் குடியேற விரும்பினால் அவர்களுக்குப் பள்ளிவாசலும் கட்டிக்கொடுப்போம் என்பது அதன் கருத்து. இன்று ஐரோப்பாவில் மினாராவுக்கு எதிராகக் கூச்சல் எழும்போதெல்லாம் நினைவூட்டத்தக்க குறிப்புத்தான். ஆனால் அதிலும் ஆட்கள் குறைந்த நாட்டுக்குக் குடிகளைத் தேடும் கணக்கு இருந்தது. வோல்டேயர் பொட்ஸ்டாமில் வந்து தங்கிய அதே 1750இல், யூதர்களைத் தரம்பிரித்து அவர்கள் குடியிருக்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அதே மன்னர்தான் பிறப்பித்தார். வோல்டேயரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பின்னாளில் உலக வரலாறு எழுதியபோது இஸ்லாத்தைப் பற்றி முன்னைவிட நிதானமாகவே எழுதினார்.

குழல் மாலைகளில் இவற்றில் பள்ளிவாசல் குறிப்பு சிலவேளை வாசிக்கப்படும், சபை மகிழும். முஹம்மது நாடகக் கடிதம் வாசிக்கப்படுவதில்லை. இதை எமக்குக் காட்டப்படும் மரியாதை என்று சிலர் எண்ணக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. அந்தக் கடிதத்தை ஒளிப்பதால் காப்பாற்றப்படுவது எமது மனம் அல்ல, வோல்டேயரின் படம். எமது நபியின் கண்ணியம் ஒரு பிரெஞ்சு நாடகத்தால் குறைவதும் இல்லை, அதை மறைப்பதால் கூடுவதும் இல்லை. அறிவொளிக் காலம் என்று புகழப்படும் காலத்தின் வெளிச்சம் எந்த மூலை வரைக்கும் எட்டவில்லை என்று கேட்பவர் அறியவேண்டுமானால், அந்தக் கடிதமும் ஓரக்குறிப்பும் யூதர் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக, குழல் இல்லாமல், வெறும் குரலில் வாசிக்கப்பட வேண்டும். அதற்குப் பிறகு ட்ரியோ சொனாட்டா தொடங்கட்டும். அந்த மாலையில் இனிமை குறையும், உண்மை கூடும்.

நட்பின் முடிவையும் பகிடிக் கதையாகவே முடித்துவிடுகிறார்கள். வோல்டேயர் மன்னரின் கலைக்கழகத் தலைவர் மோபெர்த்துயியைக் கேலிசெய்து எழுதிய நூல், 1752 டிசம்பரில் பேர்லின் வீதியில் அரச ஆணைப்படி எரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் புறப்பட்டார். பிராங்பேர்ட்டில் மன்னரின் ஆட்கள் அவரையும் மருமகளையும் மறித்து வாரக்கணக்கில் தடுத்து வைத்தார்கள். அவர்கள் திருப்பிக் கேட்டவற்றில் முக்கியமானது ஒரு கவிதைப் புத்தகம். மன்னர் தனக்கு நெருங்கியவர்களுக்கு மட்டும் அச்சிட்ட சொந்தக் கவிதைகள் அவை. வெளியே போனால் மானம் போய்விடும் என்ற பயம். தந்தை மகனின் புத்தகங்களைப் பறித்தார். மகன் மன்னரானதும் நண்பரின் புத்தகத்தை எரித்தார், தன் புத்தகத்துக்காக நண்பரை மறித்தார். கியூஸ்ட்ரின் சன்னலில் தொடங்கும் நிகழ்ச்சி பிராங்பேர்ட் விடுதியில் முடிந்தால்தான் கதைக்கு வட்டம் பூர்த்தியாகும்.

எமது குழலும் எமது சொல்லும்

குழலைப் பற்றி ஒரு முஸ்லிம் சஞ்சிகையில் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. இடையனின் குழலோசை கேட்டு இப்னு உமர் (ரழி) காதுகளைப் பொத்திக்கொண்ட அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. அதன் தரம் பற்றிய விவாதமும் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ‘ஸமாஃ’ பற்றித் தனிப் பகுதியே எழுதினார். இக்கட்டுரை மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை; அது உலமாக்களின் வேலை. ஆனால் சொல்லும் ஓசையும் எந்த ஒழுங்கில் சேரவேண்டும் என்ற சிந்தனை எமது நாகரிகத்துக்குள்ளேயும் நடந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

பரோக் இசை ஐரோப்பாவில் செழித்த அதே காலத்தில் இஸ்தான்பூலில் வாழ்ந்தவர் இத்ரி. இறந்தது 1712இல், பிரெடெரிக் பிறந்த ஆண்டில். மௌலவிய்யா தரீக்காவினரின் ஒன்றுகூடல் அவர் மெட்டமைத்த நபிப்புகழோடு தொடங்கும். அதை ஒருவர் வாத்தியத் துணையின்றி, தனிக்குரலில் பாடுவார். அது முடிந்த பிறகுதான் நெய் என்ற நாணற்குழல் எழும். முதலில் சொல், பிறகு மூச்சு. இரண்டும் ஒன்றையொன்று மூடுவதில்லை. மௌலானா ரூமியின் மஸ்னவி குழலின் முறையீட்டோடு தொடங்குவதும், அதை வாசித்து விளக்குவதற்கென்றே அந்த மடங்களில் ஆட்கள் இருந்ததும் தற்செயலல்ல. இவர்களின் ஒழுங்கில் கேட்பவருக்கு மௌனம் கிடைத்தது.

அந்த மடங்கள் துருக்கியில் 1925இல் சட்டத்தால் மூடப்பட்டன. இன்று உல்லாசப் பயணிகளுக்காகச் சுழல்கிறவர்களைப் பார்க்கலாம். பின்னணியில் குழல் இனிமையாகவே ஒலிக்கும். மஸ்னவியின் விளக்கம் அங்கே இராது. ரூமி ஒரு வாழ்த்து அட்டை வாசகமாகச் சுருங்கிவிட்டார். ஆகவே பொட்ஸ்டாம் மாலைக்காரர்களைப் பார்த்து மட்டும் விரல் நீட்டுவது நேர்மையல்ல. இனிமையை வைத்துக்கொண்டு சொல்லைக் கைவிடுவது எவருக்கும் எளிது. ஸீறாப்புராணத்தை இராகம் போட்டு ஓதி வரிக்கு வரி பயன் சொன்னவர்கள் எம்மிடையேயும் இருந்தார்கள். இன்று மேடைகளில் இரண்டு விருத்தம் பாடிக் கைதட்டு வாங்கியதோடு சரி. பயன் சொல்ல ஆளும் இல்லை, கேட்க நேரமும் இல்லை.

குழலும் வாசிப்பும் சேரும் மாலைகள் தொடர்ந்து நடக்கட்டும். அது நல்ல வடிவம்; சொல்லப்போனால், அந்தக் காலத்து இசையைச் சரியாகக் கேட்பதற்கு மிக இயல்பான வடிவம். நல்ல குழல்காரர் வருகிறாரா, நல்ல குரல் வாசிக்கிறதா என்பது முதற்கேள்வி. எந்தக் கடிதத்தைப் பையில் வைத்தே கொண்டுபோய்விட்டார்கள் என்பது இரண்டாவது கேள்வி. பிரெடெரிக் முதுமையில் பற்கள் விழுந்து குழலை வைத்துவிட்டார். கடிதங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன, எல்லாவற்றையும் வாசிக்கத் துணிபவர்களுக்கு.